வெட்டாத பேர்

பிரிட்ஜ் வீரிட்டது.

முனகல் அதற்குப் பழக்கம். சில நாட்களில் உறுமவும் செய்யும். ஆனால் அதன் ஆபத்து மணி அடித்து சிவசக்தி ஒருநாளும் கேட்டதில்லை. கையிலிருந்த பேனா நழுவி மேசைக்கடியில் உருண்டோடியது. பௌர்ணமிப் போயா விடுமுறை, பிற்பகல் மூன்று மணி. மூன்றாம் மாடி ஆய்வுகூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. கீழே புவாத் ஹாஜியாரின் துணிக்கடை இரும்புக் கதவு இறங்கியிருந்தது. பதுளை பஸ் நிலையத்தின் இரைச்சலை மழை மூடிவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அது மலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அழித்துக்கொண்டிருந்தது.

பிரிட்ஜின் நெற்றியில் எப்போதும் நான்கு என்று பச்சையாக எரியும் இலக்கம் சிவந்துபோய் ஒன்பதில் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்தானது. கதவு சரியாகத்தான் சாத்தியிருந்தது. மின்சாரமும் இருந்தது. மோட்டார் மட்டும், உள்ளே எதையோ குளிரவைக்க முடியாமல் திணறுவதுபோல, மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள். வழக்கமாக ரப்பரும் குளோரினும் கலந்த ஒரு சுத்தமான நாற்றம் முகத்தில் அடிக்கும். இன்று வந்தது நனைந்த சாக்கின் வாடை. அதற்கடியில், இப்போதுதான் கிள்ளிய தேயிலைக் கொழுந்தின் பச்சை வாசனை.

நடுத்தட்டில் ஊதா மூடி போட்ட நாற்பது இரத்த டியூப்கள் வரிசையாக நின்றன. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். சில்லென்று, சில்லென்று, சில்லென்று. கடைசி வரிசையின் மூலையில் விரல் தானாகப் பின்வாங்கியது.

அந்த ஒன்று சூடாக இருந்தது. கோழி எழுந்து போனவுடன் எடுத்த முட்டையின் சூடு.

எடுத்துப் பார்த்தாள். எண் நாற்பது. நல்லம்மா. எழுத்து அவளுடையதுதான்.

நல்லம்மா செத்துப் பதின்மூன்று நாள். அந்த டியூபில் நல்லம்மாவின் இரத்தம் ஒரு சொட்டும் கிடையாது என்பது உலகத்திலேயே சிவசக்தி ஒருத்திக்குத்தான் தெரியும்.

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கும் கடைசி வருட மாணவி அவள். தோட்டங்களில் எடுக்கிற இரத்தம் டவுனுக்கு வந்து சேர ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். அந்தத் தாமதத்தில் முடிவுகள் எவ்வளவு மாறுகின்றன என்பதுதான் அவளுடைய ஆய்வு. நாற்பது பேரின் இரத்தத்தை ஏழு நாள் குளிரில் வைத்து, தினமும் மெஷினில் ஓட்டி எழுத வேண்டும். மெஷின் சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் புது இரத்தத்தைத் தினமும் முதலில் ஓட்டுவார்கள். அதற்கு 'நோர்மல்' என்று பேர். வேறு யார் தினமும் கை நீட்டுவார்கள்? அவளே குத்தி, அவளே எடுத்தாள்.

அதனால் ஆய்வுகூடத்தின் மூத்த தொழில்நுட்பவியலாளர் ஹிஷாமுக்கு அவள் பேரே 'நோர்மல்' ஆகிவிட்டது. "நோர்மல் வந்தாச்சா? நோர்மல் டீ குடிச்சதா?" கவுண்டரில் இருக்கும் றஷீனாவும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள். வாடகை அறையில் கூட இருந்த பெண் லீவுக்குத் தன் ஊரான எல்லவுக்குப் போய்விட்டாள். அம்மா ஆறு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை. 'நீ படிச்சு முடிச்ச மறுநாள் பிளேன் ஏறிருவேன்' என்பது அவள் வாக்கு. இந்த வருடத்தில் சிவசக்தி என்ற பேரை யாராவது வாய்திறந்து கூப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

நாற்பதில் ஒன்று குறைந்தாலும் அறிக்கை செல்லாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பல்கலைக்கழகத்து மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். அடுத்த வருடம் என்றால் அம்மாவுக்கு இன்னொரு வருடம்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஹாலிஎலவுக்கு மேலே நெல்லிமலைத் தோட்டத்தின் புள்ளக்காம்பராவில் இரத்தம் எடுத்தாள். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் நீளமான அறை அது. கூரை மரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கின. கணக்கப்பிள்ளை பொன்னையா நாற்பது பேரைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடுகிற அதே தொண்டையில் வாசித்தார்.

"நல்லம்மா!"

பதில் இல்லை. பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"அவ செத்து ஒம்போது நாளாச்சு கணக்கப்பிள்ளை," என்றாள் முன்னால் நின்ற கலாராணி. "இன்னும் பேர வெட்டலியா நீங்க?"

"செக்ரோல் பொஸ்தகத்துல பாத்துத்தானே எழுதுனேன். ஆபீஸ்லருந்து தாள் வந்தாத்தான் வெட்டலாம்."

"தெனமும் பெரட்டுலயும் கூப்பிடுறீங்க. கூப்பிட்டுக்கிட்டே இருந்தா வந்துருவா, பாத்துக்கங்க."

"வரட்டும். கொழுந்து எடுக்க ஆளே இல்லாமக் கெடக்கு."

சிரிப்பு எழுந்தது, உடனே அடங்கியது. ஒரு கிழவி சிவசக்தியின் பக்கம் குனிந்து ரகசியம்போலச் சொன்னாள்: "வெளுத்து, வாழத்தண்டு மாதிரி ஆயிட்டா தாயீ. ஒடம்புல ரத்தமே இல்லன்னுட்டாரு டாக்டர்."

மாலையில் எல்லோரும் கலைந்தபோது முப்பத்தொன்பது டியூப்கள்தான் இருந்தன. அன்றைய நோர்மலுக்காக, சிவசக்தி கடைசியாகத் தன் கையிலும் குத்தி ஒரு டியூப் எடுத்துக்கொண்டாள். பிளாஸ்டர் தீர்ந்திருந்தது. டியூபில் பேர் எழுதி ஒட்டும் வெள்ளை நாடாவில் ஒரு துண்டைக் கிழித்துப் பஞ்சுக்கு மேலே ஒட்டத் தயாராக வைத்திருந்தாள். பொன்னையா எட்டிப்பார்த்தார்.

"நீயும் குத்திக்கிட்டியா புள்ள? அப்ப ஒன் பேரையும் போட்டுர்றேன். நாப்பத்தொண்ணு, சிவசக்தி." எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஊசி இன்னும் கையில்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு வெறும் டியூப். தாளில் டிக் விழாத ஒரே ஒரு பேர்.

டியூபில் பேர் எழுதுமுன் அந்தப் பேரை உரக்கக் கூப்பிட வேண்டும். உடையவர் தன் வாயால் பதில் சொன்ன பிறகே எழுத வேண்டும். இரத்தம் ஆள் மாறிப் போகாமலிருக்க அது ஒன்றுதான் காவல் என்று முதல் வருடத்திலேயே மண்டையில் ஏற்றியிருந்தார்கள். பழக்கதோஷம்.

"நல்லம்மா," என்று கூப்பிட்டாள் சிவசக்தி.

பிறகு, பெரட்டில் பெண்கள் சொல்லும் அந்த இழுவையில், தானே பதிலும் சொன்னாள். "இருக்கேங்க."

அவளுக்கே சிரிப்பு வந்தது. டியூப் நிறைந்தது. எழுதினாள். அறைக்கோடியில் ஒரு தொட்டில் ஆடி நின்றது. காற்று என்று நினைத்தாள்.

அன்றிரவே டவுனுக்குத் திரும்பி இரண்டையும் ஓட்டினாள். நாற்பதாவது டியூபின் ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி நான்கு. நோர்மலும் பன்னிரண்டு புள்ளி நான்கு. ஒரே கையின் இரத்தம், ஒரே அளவு. மெஷின் நல்ல மெஷின் என்று ஹிஷாம் தட்டிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை நாற்பதாவது டியூப் பன்னிரண்டு புள்ளி ஒன்பது. அவளுடைய புது இரத்தம் பதினொன்று புள்ளி ஒன்பது.

செவ்வாய், பதின்மூன்று புள்ளி ஆறு. அவள் பதினொன்று புள்ளி இரண்டு.

புதன், பதினான்கு புள்ளி ஒன்பது. அவள் ஒன்பது புள்ளி ஒன்பது.

மூடிய டியூபுக்குள் இரத்தம் பழசாகலாம், செல்கள் வீங்கலாம், வெடிக்கலாம். ஹீமோகுளோபின் கூடாது. கூடுவதற்கு அங்கே வழியே கிடையாது. மெஷினை இரண்டு முறை கழுவினாள். மற்ற முப்பத்தொன்பதும் கல்லாக நின்றன, ஒரு புள்ளி அசையவில்லை. புதன்கிழமை மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சும்மா மனதில் கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் இரண்டையும் கூட்டினால் இருபத்துநான்கு புள்ளி எட்டு. நான்கு நாளும். பிசகாமல்.

இப்போது வியாழன். டியூப் உள்ளங்கையில் சூடாக இருந்தது. பிரிட்ஜ் இன்னும் வீரிட்டுக்கொண்டிருந்தது. மணியை அணைத்தாள். அந்த நிசப்தம் மணியைவிட மோசமாக இருந்தது.

மேசையில் உட்கார்ந்து முழங்கையின் மடிப்பில் குத்தினாள். வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது, தண்ணீர் கூடிப்போன சாயத் தேத்தண்ணியின் நிறத்தில், தயங்கித் தயங்கி. வெள்ளை நாடாவில் ஒரு துண்டு கிழித்துப் பஞ்சை ஒட்டினாள். மெஷின் இழுத்தது, கிளுகிளுத்தது, சீட்டைத் துப்பியது.

நாற்பது: பதினாறு புள்ளி ஏழு. நோர்மல்: எட்டு புள்ளி ஒன்று.

கூட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

கண்ணாடித் தகடுகளில் பூசி, சாயமிட்டு, நுண்காட்டிக்கடியில் வைத்தாள். முதலில் தன்னுடையது. செல்கள் வெளிறி, நடுவில் ஓட்டையாகி, விளிம்பு மட்டும் மிஞ்சிய வளையங்களாகக் கிடந்தன. இடையிடையே நிறமே இல்லாத வெறும் தோல்கள். பாடப் புத்தகத்தில் அவற்றுக்குப் பேய்ச் செல் என்று பேர். முதலாம் வருடத்தில் அதைக் கேட்டு வகுப்பே சிரித்தது.

பிறகு நாற்பது. ஒன்றையொன்று நெருக்கியபடி, கொழுத்த, பழுத்த செல்கள். பார்த்துக்கொண்டே நகர்த்தியவள் நிறுத்தினாள். நடுவில் கரும்புள்ளி வைத்த ஒரு செல். பக்கத்தில் இன்னொன்று. பிறகு கும்பலாக. இன்னும் கரு உதிராத இளஞ்செல்கள், இன்றைக்குப் பிறந்தவை. எலும்பின் மஜ்ஜைக்குள்தான் அவை பிறக்கும். டியூபுக்கு எலும்பு கிடையாது.

அப்படியென்றால் எலும்பு எங்கோ இருந்தது. எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு உடம்பில் இரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

கவுண்டரில் மணி அடித்தது.

நோயாளிகள் ஆள் இல்லாதபோது தட்டுகிற சின்னப் பித்தளை மணி. 'டிங்.' ஒரே ஒரு தட்டு. கீழ்க்கதவு பூட்டியிருந்தது. சாவி அவள் பையில் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்க அவளுக்குக் கால் நிமிடம் பிடித்தது, அதற்குள் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டாள். காத்திருப்போர் அறையில் பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக வெறுமையாக இருந்தன. கடைசிக் கதிரை மட்டும் நனைந்திருந்தது. அதற்கடியில் சின்னக் குளமாகத் தண்ணீர். அதில் ஒரு கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு.

போனை எடுத்தாள்.

"செல்லு நோர்மல்," என்றார் ஹிஷாம். பின்னால் பிள்ளைகளின் சத்தம். "லீவு நாள்லயும் என்ன வுடமாட்டியா?"

"ஹிஷாம் நாநா, எனக்கு ஹீமோகுளோபின் எட்டு."

"எட்டா? டியூப கலக்காம ஓட்டிருப்ப."

"கலக்கினேன். கொறஞ்சுக்கிட்டே போகுது."

சிரிப்பு நின்றது. "அல்லாஹ்வே. அப்ப ஏன் அங்க உக்காந்து ஈக்கிறாய்? ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டு பைன்ட் ஏத்துனா சரியாகிரும். வேற ஏதும் ஈக்கா? செல்லேன்."

சொல்லியிருக்கலாம். நாற்பதாவது டியூப் என்னுடையது நாநா, பொய்யாகப் பேர் எழுதினேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் போயிருக்கும், அவ்வளவுதான். அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

"ஒண்ணுமில்ல நாநா."

வைத்த பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு பை ஏற்றுவார்கள், நான்கு பை ஏற்றுவார்கள். அதெல்லாம் எங்கே போய்ச் சேரும்?

அழித்துவிடலாம். கழிவு இரத்தம் ஊற்றும் வாளியில் குளோரின் கரைசல் இருந்தது. டியூபைத் திறந்து, குழலால் ஒரு சொட்டு எடுத்து வாளியில் விட்டாள். ஒரே ஒரு சொட்டு.

முழங்கை மடிப்பில் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. கத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எரிச்சல் நரம்பு வழியே தோளுக்கு ஏறி, நெஞ்சில் ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக அடங்கியது. டியூபை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். இதை ஊற்றினால் தன்னையே ஊற்றுவதுதான். பாதிக்கு மேல் அவள் இப்போது இதற்குள்தான் இருந்தாள்.

ஒளி மங்குமுன் இன்னொரு முறை ஓட்டினாள். பதினெட்டு புள்ளி ஒன்பது. ஐந்து புள்ளி ஒன்பது.

பேர். எல்லாம் அந்தப் பேரால் வந்தது. கூப்பிட்டாள், பதில் சொன்னாள், எழுதினாள். அப்படியானால் அந்தப் பேரை வெட்ட வேண்டும்.

பொன்னையாவின் போன் வெகுநேரம் அடித்த பிறகு எடுக்கப்பட்டது.

"கணக்கப்பிள்ளைங்களா? நான் ரத்தம் எடுக்க வந்த சிவசக்தி. நல்லம்மா பேர எப்ப வெட்டுவீங்க?"

"அட, நீயுமா கேக்குற? தாளு நேத்துத்தான் வந்துச்சு. நாளைக்குப் பெரட்டுல மூணு தரம் கூப்பிடுவேன். சத்தமில்லன்னா வெட்டிருவேன். அதான் நம்ம வழக்கம்."

"அந்த ரத்தத் தாள்லயும் வெட்டணுங்க. நானும் வர்றேன்."

"வா வா. அதையும் வாசிச்சுருவோம்." மழை அங்கேயும் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. "ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. திங்கக்கெழமைலருந்து அவ பேரக் கூப்பிட்டா, பின்னாலருந்து யாரோ 'இருக்கேங்க'ங்குறாளுக. வெளையாடுறாளுகனு நெனச்சு ரெண்டு ஏச்சும் ஏசினேன். ஒருத்தியும் ஒத்துக்க மாட்டேங்குறா. எளம் பொண்ணு கொரலா இருக்கு. நல்லம்மா அப்படிப் பேச மாட்டாளே."

சிவசக்தி போனை அணைத்தாள்.

விடிகாலை முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டியூப் சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேலே, ஒரு சின்ன விலங்குபோலச் சூடாக இருந்தது. கொண்டக்டர் முன்னாலிருந்து பின்னால்வரை போய்த் திரும்பினான். அவளிடம் மட்டும் எங்கே என்று கேட்கவில்லை. ஒரு பெரிய பெண்மணி கூடையோடு வந்து அவள் மடியிலேயே உட்காரப் பார்த்தாள். சிவசக்தி பதறி நகர்ந்துகொண்டாள். பெண்மணி மன்னிப்புக் கேட்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

போன் ஒருமுறை நடுங்கியது. அம்மாவின் குரல் பதிவு. மூன்று நாளாக சிவசக்தி அனுப்பிய பதிவுகளுக்கு வராத பதில். காதில் வைத்துக்கொண்டாள்.

"சக்தி, நேத்து ராத்திரி நீ எடுத்துப் பேசுனது எவ்வளவு சந்தோசம் தெரியுமா? கொரலே தெம்பா இருந்துச்சு. நாலு நாளா சோந்து சோந்து பேசுனியா, பயந்துட்டேன். இனி நீ என்னப் பத்திக் கவலப்படாத. நீ சொன்ன மாதிரியே செய்றேன்."

நேற்றிரவு அவள் யாரோடும் பேசவில்லை.

நேற்றிரவு போன் அணைந்து கிடந்தது.

இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை. பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஹாலிஎல வரும்வரை கண்ணீரைத் துடைக்கவில்லை. யாருக்கும் அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

பாதைமுனையில் இறங்கி, தேயிலை நடுவே போகும் கல் படிகளில் ஏறினாள். மூடுபனி தரையோடு தரையாகக் கிடந்தது. நேற்று மூன்று மாடி ஏற மூன்று இடத்தில் நின்றவள், இன்று ஒரு மூச்சும் வாங்காமல் ஏறினாள். நல்ல அறிகுறி என்று நினைத்தாள். காலடி ஓசை இல்லாததை ஈரமண் என்று நினைத்தாள்.

பெரட்டுக்களத்தில் நாற்பது, நாற்பத்தைந்து பெண்கள். தலையில் சாக்கு, இடுப்பில் படங்குத் துணி, முதுகில் கூடை. வாயிலிருந்தெல்லாம் வெள்ளை ஆவி. பொன்னையா கையில் இரண்டு தாள்கள்.

"என்னா கணக்கப்பிள்ளை, இன்னைக்கு ரெண்டு பெரட்டா?" என்றாள் கலாராணி.

"ரத்தப் பெரட்டு. வாய மூடிக்கிட்டு நில்லு."

சிவசக்தி கையை உயர்த்திக் காட்டினாள். பொன்னையா நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்த படிகளைப் பார்த்தார். "அந்தப் புள்ளயக் காணோமே," என்று முணுமுணுத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வேண்டாம். நல்லம்மாவின் பேர் தாண்டும்வரை ஒரு சத்தமும் போடக்கூடாது. ஒரு தடவை பதில் சொன்னது போதும். பல்லைக் கடித்தாள். உள்ளங்கைக்குள் டியூபை இறுக்கினாள்.

முப்பத்தேழு. இருக்கேங்க. முப்பத்தெட்டு. இருக்கேங்க. முப்பத்தொன்பது.

"நல்லம்மா."

பனி. எங்கோ ஒரு தகரத்தில் தண்ணீர் சொட்டியது.

"நல்லம்மா."

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். சிவசக்தி நாக்கைக் கடித்தாள். வலிக்கவில்லை. டியூப் கொதித்தது.

"நல்லம்மா!"

"இருக்கேங்க."

முன்வரிசையிலிருந்து. இளசான, தெம்பான குரல். அம்மாவுக்கு அனுப்பிய பதிவுகளில் தானே நூறு தடவை கேட்ட குரல்.

சாக்குப் போர்த்திய ஒருத்தி கையை உயர்த்தியிருந்தாள். முகம் தெரியவில்லை. உள்ளங்கை சிவப்பாக, ஈரமாக, புதுசாக இருந்தது. முழங்கை மடிப்பில் ஒரு பஞ்சு. அதன்மேல் வெள்ளை நாடா.

சிவசக்தி தன் கையைப் பார்த்தாள். பஞ்சு இல்லை. நாடா இல்லை. குத்திய தடமும் இல்லை. விரல்களுக்கு நடுவே டியூப் கழுவிய கண்ணாடியாக, காலியாக இருந்தது. சூடு போயிருந்தது.

பொன்னையா தலையை நிமிர்த்தாமல் டிக் போட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் ஓரடி விலகினார்கள்.

"நாப்பத்தொண்ணு. சிவசக்தி."

"இருக்கேன்!" என்று கத்தினாள்.

வாயிலிருந்து ஆவி வரவில்லை.

"சிவசக்தி."

"இங்க! இங்க இருக்கேன்! கணக்கப்பிள்ளை!" ஓடினாள். வரிசைக்குள். கூடைகளுக்கு நடுவே. ஒரு கூடையும் அசையவில்லை. கலாராணியின் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். கலாராணி கண்ணைச் சிமிட்டி, சால்வையை இறுக்கிக்கொண்டாள். "என்னா குளிரு," என்றாள்.

"சிவசக்தி. மூணாந்தரம்."

பொன்னையா காத்திருந்தார். உண்மையிலேயே காத்திருந்தார். படிகளைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார், அவளைத் தாண்டிப் பார்த்தார். பிறகு பேனாவைத் தாளின்மேல் வைத்துத் தயங்கினார்.

"என்னா செய்ய? வெட்டவா, வேணாமா?"

முன்வரிசையில் நின்றவள் திரும்பவில்லை. சாக்கை மட்டும் சரிசெய்துகொண்டாள்.

"வெட்டிருங்க கணக்கப்பிள்ளை," என்றாள், சிவசக்தியின் குரலில். "அவளுக்கு ஒடம்புல ரத்தமே இல்ல."